காய்ந்த பழத்தில் தண்ணீர் இல்லை

ஏழு புள்ளி ஆறு என்று சிஸ்டர் பியாட்ரிஸ் படித்ததும் சுப்ரியா திரும்பிப் பார்த்தது அம்மாவைத்தான். கட்டிலில் கிடந்த அப்பாவைக்கூடப் பிறகுதான் பார்த்தாள். அப்படியொரு கோபம். இரத்தத்தில் பொட்டாசியம் ஐந்தையொட்டி இருக்க வேண்டும். ஆறரையைத் தாண்டினால் டாக்டர்கள் ஓட ஆரம்பிப்பார்கள். ஏழரைக்கு மேல் போனால் இதயம் எந்த நிமிஷம் வேண்டுமானாலும் நின்றுவிடும். இதையெல்லாம் சுப்ரியாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊரின் இன்னொரு மூலையில், வேறொரு ஆஸ்பத்திரியில், அவள்தான் டயட்டீஷியன். கிட்னி கெட்டவர்களுக்கு எதைத் தின்னலாம், எதைத் தொடவே கூடாது என்று தினமும் பத்துப் பேருக்கு எழுதிக் கொடுத்து, திட்டி, மிரட்டி அனுப்புகிறவள். அவளுடைய சொந்த அப்பாவுக்கு ஏழு புள்ளி ஆறு.

அன்றைக்குத் திங்கட்கிழமை. 2001ஆம் வருஷத் தீபாவளி கழிந்து ஐந்தாம் நாள். அப்பா அனந்தபத்மநாபனுக்குத் திங்களும் வியாழனும் டயாலிசிஸ். பதினோரு மணிக்கு முறை. காலையில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்ட உட்கார்ந்தவர், "என்னடா இது, கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறதே" என்றார். எழுந்திருக்கவே முடியவில்லை. மாடியில் குடியிருப்பவரின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஜெயநகரிலிருந்து வந்து சேர்வதற்குள் உதடு வெளுத்துவிட்டது. கேஷுவாலிட்டியில் எடுத்த இ.சி.ஜி. தாளில் கோடுகள் ஊசி ஊசியாக எழுந்து நின்றன. ஊசி மருந்து மூன்று போட்டு, அவசர அவசரமாக மெஷினில் இணைத்தார்கள்.

டாக்டர் சுந்தரராமன் சுப்ரியாவின் வயதுக்காரர்தான். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மேடம், வியாழக்கிழமை அஞ்சு புள்ளி ஒண்ணு இருந்தது. நாலே நாள்ல இவ்வளவு ஏறியிருக்கு. சும்மா ஏறாது. எதையோ பெருசா சாப்பிட்டிருக்கார். இப்ப இறங்கிடும், அதுல கவலையில்ல. ஆனா அது என்னன்னு தெரியாம இவரை வீட்டுக்கு அனுப்ப எனக்குப் பயமா இருக்கு. அடுத்த தடவை வாசல் வரைக்கும் வந்து சேருவாரான்னு சொல்ல முடியாது." சொல்லிவிட்டுப் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "நீங்க இருக்கற வீட்லயே இப்படின்னா, மத்தவங்களை நாம என்ன சொல்றது?"

மனுஷன் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில் அம்மா சுப்புலக்ஷ்மி மடியில் ஒயர்கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுப்ரியா போய் எதிரே நின்றாள்.

"என்ன குடுத்தே?"

"நான் ஒண்ணும் குடுக்கலடி."

"எளநி?"

"இல்ல."

"வாழைப்பழம்? ஆரஞ்சு? தக்காளி போட்டு ஏதாவது?"

"தக்காளி நம்மாத்துக்குள்ள வந்து எட்டு மாசம் ஆச்சு."

"காயை வேகவெச்சுத் தண்ணியைக் கொட்டினியா? நெஜமாச் சொல்லு. இல்ல பழைய மாதிரி ரசம் வெச்சியா?"

இந்தக் கேள்விக்கு ஒரு கதை உண்டு. காய்கறியை நறுக்கி ஊறப்போட்டு, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும், பொட்டாசியம் அதோடு போய்விடும் என்று முதல் மாதமே சுப்ரியா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சுப்புலக்ஷ்மி தலையை ஆட்டிவிட்டுக் கொட்ட வேண்டிய தண்ணீரில் மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்துவிட்டாள். சத்தெல்லாம் தண்ணியிலதானே இருக்கு, வேஸ்ட் பண்ணுவாளா யாராவது என்றாள். அன்றைக்கு வீட்டில் நடந்த ரகளையில் எதிர்வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அம்மா அந்தத் தப்பைச் செய்ததில்லை. சுப்ரியா அதை நம்பியதும் இல்லை.

"கொட்டிட்டேன். தினம் கொட்டறேன்."

"அப்ப எப்படி ஏழு புள்ளி ஆறு வரும்? ஆகாசத்துலேர்ந்து குதிக்குமா? நான் காலம்பர ஏழு மணிக்குப் போனா சாயங்காலம் ஆறுக்கு வரேன். நடுவுல அவரைப் பாத்துக்கறது நீ. உன் கண்ணுல படாம அவர் என்ன தின்னுட முடியும்? அவர் கேட்டா உனக்கு மனசு கேக்காது. ஒரு வாய்தானேன்னு குடுப்பே. அந்த ஒரு வாய்தான் அம்மா கொல்லும்."

வார்டு ஆயா எல்லம்மா ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தவள் நின்றாள். "அம்மா, மெல்லகே மாத்தாடி. ஒளகே பேஷண்ட்ஸ் இதாரே" என்று கன்னடத்தில் மெதுவாகப் பேசச் சொன்னாள், உள்ளே பேஷண்டுகள் இருக்கிறார்களாம். சுப்ரியா குரலைத் தணித்தாள், கோபத்தைத் தணிக்கவில்லை. சுப்புலக்ஷ்மி கூடையின் காதைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அம்மாவின் இந்த மௌனம் சுப்ரியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. தப்பு செய்தவர்கள்தான் இப்படி உட்காருவார்கள் என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

மெஷின் நாலு மணி நேரம் ஓடும். அதற்குள் கண்டுபிடித்து வந்து டாக்டர் முகத்தில் அடித்த மாதிரி சொல்ல வேண்டும். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள்.

சமையலறையைக் குடைந்தாள். ஃப்ரிட்ஜில் வேகவைத்த சுரைக்காய், ஒரு ஆப்பிளில் பாதி, மோர். கதவில் அவள் கைப்பட எழுதிய சாப்பாட்டு அட்டவணை. பக்கத்தில் காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அப்பாவின் தண்ணீர்க் குறிப்பு. ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லிக்கு மேல் எந்த ரூபத்திலும் தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து அவர் இதை எழுதுகிறார். சர்வே டிபார்ட்மென்டில் முப்பத்துநாலு வருஷம், அதில் பாதி ஆனேக்கல் தாலுகாவில், வெயிலில் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். டம்ளரில் ஐம்பது மில்லிக்கு ஒரு கோடாகச் சுப்ரியாவின் நெயில் பாலிஷால் குறி போட்டு வைத்திருக்கிறார். காபி நூறு, மாத்திரைக்கு முப்பது, மோர் எழுபது. ஒரு மிடறு கூடிவிட்டால் அடுத்த வேளையில் கழிப்பார். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் கழிப்பார். இப்படிப்பட்டவரையா அம்மா கெடுத்துவிட்டாள் என்று அவளுக்கு மறுபடி எரிந்தது.

கூடத்துக்கு வந்தாள். ஷோகேஸின் கீழ்த்தட்டில் தீபாவளிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. முன்பெல்லாம் தீபாவளிக்கு மைசூர்பாகு வரும். இப்போது சாஃப்ட்வேர் புண்ணியத்தில் தங்கக் காகிதம் சுற்றிய ட்ரை ஃப்ரூட் பெட்டிகள் வருகின்றன. தம்பி ஸ்ரீஹர்ஷா எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான். அவன் ஆபீசுக்கு வருவதையெல்லாம் இங்கே கொண்டுவந்து இறக்குவான். அதையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடு என்று சுப்ரியா அம்மாவிடம் சொல்லியிருந்தாள். கொடுக்கவில்லை. ஆறு பெட்டிகள் அப்படியே இருந்தன.

ஒன்றைத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் நாலு அறைகள். முந்திரி தொடப்படவே இல்லை. பாதாமும் அப்படியே. கிஸ்மிஸ் இருந்த அறை காலி. அத்திப்பழம் இருந்த அறை காலி. இரண்டாவது பெட்டியிலும் அதே. மூன்றாவதில் ஆப்ரிகாட் இருந்த இடத்தில் ஓர் எறும்பு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆறு பெட்டிகளிலும் பருப்பெல்லாம் பத்திரமாக இருக்க, பழமெல்லாம் துடைத்தெடுத்த மாதிரி போயிருந்தது.

சுப்ரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். நாலு நாளில் ஒரு கிலோ. ஒரு கிலோ கிஸ்மிஸ் என்பது நாலு கிலோ திராட்சை. காயவைக்கும்போது தண்ணீர் போகும், வைட்டமின் சி போகும். பொட்டாசியம் எங்கேயும் போகாது, நாலு கிலோவுக்கு உண்டானதும் அந்த ஒரு கிலோவில் அப்படியே உட்கார்ந்துகொண்டிருக்கும். நாலு கிலோ திராட்சையை மனுஷன் ஒருநாளும் தின்ன மாட்டான், வயிறு இடம் கொடுக்காது. கிஸ்மிஸை டிவி பார்த்துக்கொண்டே தின்றுவிடலாம்.

ஸ்ரீஹர்ஷாவின் ஆபீசுக்குப் போன் போட்டாள். அவன் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்தாள்.

"ஆறு பெட்டி கொண்டு வந்து போட்டியே, அப்பாவைக் கொல்லணும்னா?"

"அக்கா, அப்பா எப்படி இருக்கார்? இதோ கெளம்பிண்டிருக்கேன்..."

"நீ வந்து கிழிக்க வேண்டாம். கிட்னி பேஷண்ட் இருக்கற வீட்டுக்கு ட்ரை ஃப்ரூட்ஸ் கொண்டு வரலாமான்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

"அப்பாதான் கேட்டார்க்கா. முதல்ல ரெண்டு பெட்டிதான் கொண்டு வந்தேன். ஃப்ரைடே அவரே போன் பண்ணி, இன்னும் இருந்தா எடுத்துண்டு வாடான்னார். எனக்கும் சந்தேகம் வந்தது. பழம் கூடாதேன்னு கேட்டேன். டாக்டர் தண்ணியைத்தானே கொறைக்கச் சொன்னார், ஃப்ரெஷ் திராட்சைல நூறு கிராமுக்கு எண்பது தண்ணி, என் எழுநூத்தம்பதுல கழிச்சாகணும், கிஸ்மிஸ்ல பதினஞ்சுதான், காய்ஞ்ச பழத்துல தண்ணி இல்லடா, சத்தும் நாலு மடங்குன்னார். நம்பரெல்லாம் சொன்னார். அச்சுல வந்திருக்குன்னார்."

"எதுல அச்சு?"

"ஏதோ சார்ட். பெட்டிக்குள்ள இருந்ததாம். ரெண்டையும் கம்பேர் பண்ணி யாரோ எழுதியிருக்காளாம். படிச்சவாதான் எழுதியிருக்கா, டிகிரியெல்லாம் போட்டிருக்குன்னார்."

"எந்த மடச்சாம்பிராணி அது?"

"நான் பாக்கலக்கா. யார்னு கேட்டேன், நேர்ல வந்து நீயே பாருடான்னு சிரிச்சார்."

சுப்ரியா போனை வைத்துவிட்டுப் பெட்டிகளையெல்லாம் கவிழ்த்து உதறினாள். முந்திரி சிதறியது. காகிதம் எதுவும் இல்லை. அப்பா எடுத்து வைத்திருப்பார். அச்சில் வந்ததை அவர் தூக்கிப் போட மாட்டார். தங்க நகையோடு வருகிற ரசீதுபோல மடித்து வைப்பார்.

ஆட்டோவில் வரும்போது அந்த முகம் தெரியாத ஆளை அவள் வைத வசவில் டிரைவரே கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தார். இப்படித்தான் இந்த ஊர் முழுக்கத் திரிகிறார்கள். அரைகுறையாகப் படித்துவிட்டு, கடைக்காரன் கொடுக்கிற பேனாவால் எழுதுகிறவர்கள். நூறு கிராமுக்கு நூறு கிராம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காய்ந்ததுதான் ஜெயிக்கும் என்று முதல் வருஷம் ஹோம் சயன்ஸ் படிக்கிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். ஒரு பிடி கிஸ்மிஸுக்கு எதிரே ஒரு கொத்துத் திராட்சையை அல்லவா வைக்க வேண்டும்? யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று ஒரு வரி போட வேண்டாமா? பேரைக் கண்டுபிடித்து, அந்த ஆளின் டிகிரி எந்தக் காலேஜ் என்று விசாரித்து, பேப்பரில் போட்டு நாறடிக்காமல் விடுவதில்லை என்று சாலையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

டயாலிசிஸ் வார்டுக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் உதறிவிட்டு, கையில் ஒரு காலிப் பெட்டியோடு உள்ளே போனாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கையிலிருந்து இரத்தம் குழாய் வழியாகப் போய்ச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பியாட்ரிஸ் பிரஷர் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தாள். சுப்புலக்ஷ்மி கால்மாட்டில் ஸ்டூலில் இருந்தாள், அதே கூடையோடு.

சுப்ரியா பெட்டியை அம்மாவின் மடியில் வீசினாள்.

"இது என்ன?"

சுப்புலக்ஷ்மி பெட்டியைப் பார்த்தாள். "தெரியும்" என்றாள்.

"தெரியுமா? காலம்பர அத்தனை கேட்டேனே, குடுக்கல குடுக்கலன்னியே?"

"நான் குடுக்கல. அவரேதான் எடுத்துண்டார்."

"நீ பாத்துண்டு இருந்தே."

"ஆமா. பாத்துண்டுதான் இருந்தேன்."

"வெக்கமா இல்ல உனக்கு? எட்டு மாசமா தொண்டை கிழியக் கத்தறேன். உன் தலைல ஒண்ணும் ஏறாதா? எவனோ ஒருத்தன் பெட்டிக்குள்ள ஒரு காகிதம் போட்டா அது வேதம், நான் சொன்னா அது காத்தோட போச்சு. எங்க அந்த சார்ட்? அவர் உன்கிட்டதான் குடுத்திருப்பார். எடு."

"வேண்டாம் சுப்ரி. ஆத்துக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

"இப்பவே எடு. டாக்டர்கிட்ட காட்டணும்."

"டாக்டர்கிட்ட நான் அப்பவே சொல்லிட்டேன். கிஸ்மிஸ், அத்திப்பழம், எவ்வளவுன்னு எல்லாம் சொல்லியாச்சு. நீ ஆட்டோல போனப்பவே. அவர் குறிச்சுண்டுட்டார். காகிதம் எதுக்கு?"

தன்னை விட்டுவிட்டு அம்மா டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள் என்றதும் சுப்ரியாவுக்கு இருந்த கொஞ்ச நிதானமும் போனது.

"என்கிட்ட சொல்ல வாய் வரல, அவர்கிட்ட சொல்ல வந்துதா? எதை மறைக்கறே நீ? எழுதினவா யாராவது உனக்கு வேண்டப்பட்டவாளா? உன் அக்கா பொண்ணா? சொல்லும்மா. எட்டு மாசம் நான் இழுத்துப் பிடிச்சு வெச்ச உயிரை நாலு நாள்ல போக்கப் பாத்தியே, நீயும் அந்தக் காகிதத்தை எழுதின மூதேவியும் சேர்ந்து."

"மேடம்," என்றாள் பியாட்ரிஸ். காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள், இருபது வருஷ சர்வீஸ், யாருக்கும் பயப்படாதவள். "அம்மாவ விடுங்க. காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல அவங்க. நீங்களும் இந்த ஃபீல்டுல இருக்கறவங்கதானே, இப்படியா பேசறது?"

சுப்புலக்ஷ்மியின் கை கூடைக்குள் போயிருந்தது. உள்ளே எதையோ பிடித்துக்கொண்டிருந்தது, வெளியே வரவில்லை.

அப்போதுதான் அப்பா கண்ணைத் திறந்தார். குரல் ஈனமாக இருந்தாலும் முகத்தில் தெளிவு வந்திருந்தது.

"எதுக்குடி சண்டை? என் கண்ணாடிக் கூட்டுலதானே இருக்கு. குடேன் அவகிட்ட."

"நீங்க சும்மா இருங்கோ" என்றாள் சுப்புலக்ஷ்மி. அன்று முழுக்க அவள் குரல் உயர்ந்தது இந்த ஒரு தடவைதான்.

"என்ன சும்மா இரு? அவ எழுதினதுதானே அது. அவளுக்குத் தெரியாததா?"

மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுப்ரியா அம்மாவின் கூடைக்குள் கைவிட்டுக் கண்ணாடிக் கூட்டைப் பிடுங்கினாள். உள்ளே நாலாக மடித்த ரோஸ் நிறக் காகிதம். புதுசு. மடிப்பில்கூட மொடமொடப்புப் போகவில்லை. ஒரு பக்கம் கன்னடம், மறுபக்கம் இங்கிலீஷ். இடது ஓரத்தில் ஒரு திராட்சைக் கொத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் கிஸ்மிஸ். ஃப்ரெஷ் பழமா, ட்ரை ஃப்ரூட்டா, எதில் சத்து அதிகம் என்று கொட்டை எழுத்தில் கேள்வி. கீழே கட்டம் போட்ட அட்டவணை. அதற்கும் கீழே, தயாரித்தவர்: செல்வி ஏ. சுப்ரியா, எம்.எஸ்ஸி., ஊட்டச்சத்து நிபுணர்.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. தொண்ணூற்றேழாம் வருஷம், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். கோதண்டராமன் என்ற ட்ரை ஃப்ரூட் கடைக்காரர், தெரிந்தவர் மூலமாக வந்து, தீபாவளிப் பெட்டிக்குள் போடுவதற்கு விஞ்ஞானபூர்வமாக ஒன்று எழுதிக் கொடுங்கள் மேடம் என்றார். அவளை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள். ராத்திரி பகல் பார்க்காமல் புத்தகங்களைப் புரட்டி ஏழு கட்டம் போட்டுக் கொடுத்தாள். சக்தி, தண்ணீர், சர்க்கரை, நார், சுண்ணாம்பு, இரும்பு, பொட்டாசியம். அச்சுக்குப் போகும் முன்னால் அவர் புரூஃபை எடுத்துக்கொண்டு வந்தார். ஆஃபர் போட இடம் பற்றவில்லை, ஒரு கட்டத்தை எடுத்துவிடலாம், சர்க்கரையை எடுங்களேன், அதைப் பார்த்தால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்றார். சுப்ரியா சண்டை போட்டாள். சர்க்கரை வியாதிக்காரர்கள் பார்க்க வேண்டாமா, அதை எடுத்தால் என் பேரையும் எடுங்கள் என்றாள். அவர் இறங்கி வந்தார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லி, அவளே பென்சிலால் கடைசிக் கட்டத்தை மேலிருந்து கீழே ஒரே கோடாக அடித்தாள். கடைக்காரனிடம் விட்டுக்கொடுக்காமல் சர்க்கரையைக் காப்பாற்றிய கதையை அவள் தன் ஜூனியர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பொட்டாசியத்தை அடித்த கதையை அவளே மறந்துவிட்டாள். அந்தத் தாளை வருஷா வருஷம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. போன மாதம்கூட அடித்திருக்கிறார்கள்.

கட்டங்களின் ஓரத்தில் அப்பாவின் பென்சில் எழுத்து. தண்ணீர் என்ற கட்டத்தின் கீழே கோடு போட்டு, கிஸ்மிஸ் ஒரு பிடி முப்பது கிராம், தண்ணீர் நாலரை என்று எழுதி, ஒரு நாளைக்கு ஏழு பிடி என்று பெருக்கி வைத்திருந்தார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

"உன் பேரைப் பாத்ததும் எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா?" என்றார் அப்பா. "சுப்புகிட்ட காமிச்சேன். இவ மொதல்ல கூடாதுன்னுதான் சொன்னா. பழம்னா பழம்தானே, அவளைக் கேக்காம தொடாதீங்கோன்னா. அவளே எழுதி அச்சுல வந்திருக்குடி, இன்னும் என்ன கேக்கறதுன்னேன். அப்புறம்தான் பேசாம இருந்தா. நாலு நாள்தாம்மா. நாக்குல தித்திப்பு பட்டு எட்டு மாசம் ஆச்சு. தாகம்கூட அவ்வளவா தெரியல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இதுல நான் எங்க தப்புப் பண்ணினேன்? தண்ணி கம்மி. இரும்பு ஜாஸ்தி. நீயே பாத்துச் சொல்லு."

சுப்ரியா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மடச்சாம்பிராணி. மூதேவி. ஆட்டோக்காரர்கூடக் கேட்டிருந்தார்.

"நீங்க தப்புப் பண்ணலப்பா. பொட்டாசியம்னு ஒரு கட்டம் இருக்கணும். திராட்சைல இருநூறுன்னா கிஸ்மிஸ்ல எழுநூத்தம்பது. ஆப்ரிகாட்ல ஆயிரத்துக்கு மேல. அதைப் போடல."

"ஏன் போடல?"

"இடம் இல்லப்பா."

அனந்தபத்மநாபன் இன்னொரு கையை நீட்டினார். சுப்ரியா காகிதத்தைக் கொடுத்தாள். கண்ணாடியில்லாமல் தூரத்தில் பிடித்து, நிலத்தின் வரைபடத்தைப் பார்க்கிற மாதிரி ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் பார்த்தார். வலது பக்கம், ஏழாவது கட்டம் இருக்க வேண்டிய இடத்தில், மேலிருந்து கீழே ஒரு பெரிய சிவப்பு நட்சத்திரம். அதற்குள் அரைக் கிலோ வாங்கினால் ஒரு டப்பா இலவசம் என்று போட்டிருந்தது.

"இவ்வளவு பெரிய நட்சத்திரத்துக்கு இடம் இருந்திருக்கே" என்றார். குரலில் குற்றம் சொல்கிற தொனிகூட இல்லை. அளந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

சுப்ரியாவுக்கு அழுகை வரவில்லை. காலையிலிருந்து சுமந்த கோபம் அத்தனையும் அப்படியே இருந்தது, கொண்டுபோய்ப் போடத்தான் ஆள் இல்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல? அத்தனை திட்டினேனே."

"சொன்னா நீ என்ன ஆவே?" என்றாள் சுப்புலக்ஷ்மி. "டாக்டர் வேற உன்னை அப்படிச் சொல்லிட்டுப் போனார். நாலு பேர் எதிர்ல இதை வேற எடுத்துக் காட்டணுமா? என்னைத் திட்டறது உனக்குப் பழக்கம். திட்டிட்டுப் போகட்டும்னு இருந்தேன்." சொல்லிவிட்டு மடியிலிருந்த காலிப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தாள். "மூதேவின்னியே, அதுதான் எனக்குத் தாங்கல. நீ யாரைச் சொல்றேன்னு உனக்கே தெரியல."

பியாட்ரிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினின் நம்பரை மறுபடி குறித்தாள்.

அப்பா பென்சில் கேட்டார். பியாட்ரிஸ் தன் பேனாவைக் கொடுத்தாள். "சொல்லும்மா, எழுதிக்கறேன். திராட்சை இருநூறு. கிஸ்மிஸ் எழுநூத்தம்பது. அத்திப்பழம் எவ்வளவு?" என்று நட்சத்திரத்தின் மேலேயே எழுத ஆரம்பித்தார். சுப்ரியா ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவளுக்கு எல்லா எண்களும் மனப்பாடம். நாலு வருஷத்துக்கு முன்பும் மனப்பாடம்தான்.

சுப்புலக்ஷ்மி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை அடிப்பா இதை?" என்றாள்.

"அப்போ கடைக்காரர் ரெண்டாயிரம்னார்."

"வருஷத்துக்கா?"

ஆமாம் என்று சுப்ரியா தலையை ஆட்டினாள்.

சுப்புலக்ஷ்மி கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டு வந்தாள். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று வாய்க்குள் எண்ணினாள். சுண்டுவிரலில் வந்து நின்றது.

"அஞ்சு தீபாவளி" என்றாள்.

சுப்ரியா வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினாள். மணி இரண்டு தாண்டியிருந்தது. கோதண்டராமன் கடையை இரண்டு மணிக்கு மூடி நாலு மணிக்குத்தான் திறப்பார். அவள் அங்கே போய் அந்த ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.